ஜெர்மனியில் நீண்ட நாள் தங்கப் போகிறீர்களா? கைபேசிச் செலவைக் கட்டுக்குள் வைக்கும் வழி

படிக்கவோ வேலைக்கோ ஜெர்மனி கிளம்புகிறவர்கள் விசா, வங்கிக் கணக்கு, தங்கும் இடம் என்று அலைவதில் கைபேசியைக் கடைசி நாளுக்குத் தள்ளிவிடுகிறோம். வந்து இறங்கிய பிறகுதான் ஊர் வங்கியின் ஓடிபி வரவில்லை என்பது தெரியும். கடைக்குப் போனால் சிம் கையில் கிடைக்கும், ஆனால் வேலை செய்யாது. அந்தப் பதற்றத்தில் கண்ணில் படுகிற முதல் கடையில் 24 மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். இங்கே நம்மவர்களுக்குப் பணம் வீணாவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

என் யோசனை இதுதான்: ஊர் எண்ணை ஓடிபிக்காக மட்டும் குறைந்த செலவில் உயிரோடு வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் எண்ணுக்கு ஒப்பந்தம் இல்லாத ப்ரீபெய்ட் எடுங்கள். முதல் ஆறு மாதம் வேறு எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். இதை எப்படிச் செய்வது, எங்கே சறுக்கும் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

1. கிளம்ப ஒரு மாதம் முன்: ஊர் எண்ணைச் சரிசெய்யுங்கள்

"அங்கே போனதும் புது எண் வரும், இது எதற்கு?" என்று ஊர் எண்ணை விட்டுவிடாதீர்கள். ஆதாருக்கான ஓடிபி இந்திய எண்ணுக்குத்தான் வரும். வங்கி, வருங்கால வைப்பு நிதி, வருமான வரி எல்லாம் அந்த எண்ணைச் சுற்றியே இருக்கின்றன. யுபிஐயும் அப்படித்தான். வெளிநாட்டு எண்ணை வைத்து, வெளிநாடு வாழ் இந்தியர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்குகளில் யுபிஐ பயன்படுத்த 2023இல் அனுமதி வந்தபோது சிங்கப்பூர், அமீரகம், பிரிட்டன், அமெரிக்கா உள்ளிட்ட 10 நாடுகள் பட்டியலில் இருந்தன, ஜெர்மனி இல்லை. ஆக, ஜெர்மன் எண்ணை வைத்து ஊர்க் கணக்கை ஓட்டலாம் என்ற கணக்கே வேண்டாம்.

ஆதாரிலும் வங்கியிலும் பழைய எண் கிடந்தால் இப்போதே நேரில் போய் மாற்றிவிடுங்கள். சிம் யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள். நம் வீடுகளில் பிள்ளைகளின் சிம் பெரும்பாலும் அப்பா பெயரில்தான் இருக்கும். அதில் ஒரு வசதியும் உண்டு: நீங்கள் வெளிநாட்டில் கைபேசியைத் தொலைத்தாலும் அப்பா கடைக்குப் போய் மாற்று சிம் கேட்கலாம். உங்கள் பெயரில் இருந்தால் நீங்கள்தான் போக வேண்டியிருக்கும்.

அடுத்தது ரீசார்ஜ். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி, ப்ரீபெய்ட் எண்ணில் 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாவிட்டால்தான் அதை முடக்கலாம். கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு இன்னும் 30 நாள் நீட்டிக்க வேண்டும். இதைப் படித்துவிட்டு "20 ரூபாய் போட்டு வைத்தால் போதும்" என்று நம்பிப் போகிறவர்கள் உண்டு. எண் முடங்காமல் இருப்பது வேறு, அதில் செய்தி வந்து சேர்வது வேறு. திட்டத்தின் காலம் முடிந்த பிறகு நிறுவனம் உள்வரும் சேவையை நிறுத்திவிட்டால், எண் உங்கள் பெயரில் இருக்கும், ஓடிபி மட்டும் வராது.

அதனால் நீண்ட காலத் திட்டமே நல்லது. டேட்டா இல்லாமல் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள திட்டங்களைத் தர வேண்டும் என்று டிராய் சொன்ன பிறகு, 2025 ஜனவரியில் ஏர்டெல் 365 நாளுக்கு 1,849 ரூபாயிலும், ஜியோ 336 நாளுக்கு 1,748 ரூபாயிலும் திட்டம் கொண்டுவந்தன. இன்றைய விலையைச் செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள். முகப்பில் பெரிதாகத் தெரிவதெல்லாம் டேட்டா திட்டங்கள்தான். இந்தத் திட்டங்கள் எங்கோ அடியில் கிடக்கும், தேடித்தான் எடுக்க வேண்டும். கிளம்பும் வாரத்தில் போட்டால் ஏறக்குறைய ஒரு வருடம் இதை மறந்துவிடலாம். முடியும் தேதியை உங்கள் காலண்டரிலும் வீட்டில் ஒருவர் காலண்டரிலும் குறித்து வையுங்கள். எண் கைவிட்டுப் போனால் பிறகு அது வேறு யாருக்காவது போய்விடும். உங்கள் ஓடிபியும் அவருக்குத்தான் போகும்.

சர்வதேச ரோமிங்கை ஊரிலேயே ஆன் செய்ய வேண்டும். வாடிக்கையாளர் சேவையில் கேட்கும்போது பொத்தாம் பொதுவாகக் கேட்காதீர்கள், உடனே பெரிய ரோமிங் பேக் ஒன்றைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். "ஜெர்மனியில் உள்வரும் எஸ்எம்எஸ் மட்டும் வர வேண்டும், பேக் வேண்டாம், என்ன செய்ய வேண்டும்?" என்று கேளுங்கள். ரோமிங்கில் உள்வரும் எஸ்எம்எஸ் பொதுவாக இலவசம். ஆனால் ரோமிங் வசதி ஆன் ஆகியிருக்க வேண்டும்.

யுபிஐ செயலிகளை, அங்கே கொண்டுபோகும் அதே கைபேசியில் ஊரிலேயே பதிவு செய்துவிடுங்கள். பதிவின்போது உங்கள் சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் வெளியே போகும். வெளிநாட்டில் அதற்குக் கட்டணம் உண்டு. சில சமயம் போகவே போகாது.

2. உங்கள் கைபேசி அங்கே ஒத்துவருமா?

மூன்று விஷயம் பாருங்கள்.

முதலாவது அலைவரிசை. ஜெர்மனியில் ஊர்ப்புறத்திலும் கட்டடங்களுக்குள்ளும் 4ஜி கிடைக்க பேண்ட் 20 முக்கியம். இந்தியாவில் 4ஜிக்கு அந்த பேண்ட் இல்லை என்பதால், ஊரில் விற்கும் விலை குறைந்த மாடல்கள் சிலவற்றில் அது இருக்காது. தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைப் போட்டு 1, 3, 7, 8, 20, 28 இருக்கின்றனவா என்று பாருங்கள். இதற்கு ஒரு காரணம் இருக்கிறது: ஜெர்மன் நிறுவனங்கள் 2021இலேயே 3ஜியை மூடிவிட்டன. 4ஜி பிடிக்காத இடத்தில் உங்கள் கைபேசி நேராக 2ஜிக்குப் போய்விடும், இணையம் கிட்டத்தட்ட நின்றுவிடும்.

இரண்டாவது, சாம்சங் கைபேசிகளில் வரும் பகுதிப் பூட்டு. சில மாடல்களில் முதலில் இந்தியச் சிம்மைப் போட்டு ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசினால்தான் பிற நாட்டுச் சிம்மை ஏற்கும். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எழுதியிருப்பார்கள். பயணத்துக்கென்று புதுக் கைபேசி வாங்கி, பெட்டியைப் பிரிக்காமலே கொண்டுபோகிறவர்கள் இதில் மாட்டுவார்கள்.

மூன்றாவது, இரண்டு எண்ணுக்கு இடம். *#06# அழுத்துங்கள், ஐஎம்இஐ எண்களோடு இஐடி என்று ஒரு நீள எண் தெரிந்தால், தனி அட்டை இல்லாமல் கைபேசிக்குள்ளேயே இயங்கும் இ-சிம் வசதி உண்டு. என் விருப்பம்: இந்திய எண் பிளாஸ்டிக் சிம்மாகவே இருக்கட்டும், ஜெர்மன் எண்ணை இ-சிம்மாக எடுங்கள். கைபேசி பழுதானால் இந்தியச் சிம்மைக் கழற்றி வேறு எதிலும் போட்டுக்கொள்ளலாம். இந்திய எண்ணை இ-சிம்மாக மாற்றியே ஆக வேண்டும் என்றால் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே மாற்றுங்கள். சிம் மாற்றிய பிறகு 24 மணி நேரம் எஸ்எம்எஸ் தடைபட்டிருக்கும்; விமான நிலையத்தில் நின்றுகொண்டு அதை அனுபவிக்க வேண்டாம்.

3. விமானம் ஏறும் முன் நான்கு அமைப்புகள்

இந்தியச் சிம்முக்கு டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள்.

இரட்டைச் சிம் அமைப்பில், ஒரு சிம்மில் சிக்னல் இல்லாவிட்டால் மற்றதன் டேட்டாவுக்குத் தானாக மாறும் வசதி ஒன்று இருக்கும். அதையும் அணையுங்கள்.

##002# அழைத்து எல்லா அழைப்புத் திருப்பங்களையும் நீக்குங்கள். "எடுக்காவிட்டால் வேறு எண்ணுக்குத் திருப்பு" என்ற அமைப்பு இருந்தால், வெளிநாட்டில் நீங்கள் எடுக்காத அழைப்புக்கும் கட்டணம் விழ வாய்ப்புண்டு.

ரோமிங்கில் உள்வரும் அழைப்பை எடுத்தால் உங்களுக்குத்தான் கட்டணம். கடன் வேண்டுமா என்று கேட்கும் அழைப்பையும் சேர்த்துத்தான். இந்திய எண்ணில் வருவதை எடுக்காமல் விடுங்கள், வீட்டாரிடமும் "வாட்ஸ்அப்பில் கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிடுங்கள்.

அங்கே இறங்கியபின் ஓடிபி வரவில்லை என்றால் உடனே பயப்பட வேண்டாம். இந்தியச் சிம்முக்கு நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து கைமுறைக்கு மாற்றி, ஜெர்மன் நெட்வொர்க்குகளான டெலிகாம், வோடஃபோன், ஓ2 என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். ஒன்றில் வராத செய்தி இன்னொன்றில் வந்துவிடும். பெரும்பாலும் இதிலேயே தீர்ந்துவிடுகிறது.

4. முதல் வாரம்: விமான நிலையத்தில் சிம் வாங்காதீர்கள்

விமான நிலையக் கடைகளில் சுற்றுலாப் பயணிகளுக்கான சிம் விற்பார்கள். சூப்பர் மார்க்கெட் விலையோடு ஒப்பிட்டால் மிக அதிகம். ஃபிராங்ஃபர்ட், மியூனிக் விமான நிலையங்களில் வைஃபை இலவசம், ஐசிஇ என்ற அதிவேக ரயிலிலும் இலவசம். போய்ச் சேரும் முகவரி, ரயில் டிக்கெட், வரைபடம் மூன்றையும் முன்பே இறக்கி வைத்துக்கொண்டால் முதல் நாள் ஓடிவிடும். அப்படியும் மனம் கேட்கவில்லை என்றால், ஊரிலேயே சிறிய பயண இ-சிம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். டேட்டா மட்டும், ஒரு வாரத்துக்கு, ஒன்றோ இரண்டோ ஜிபி போதும்.

ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை இரவு இறங்கினால் திங்கள் காலை வரை சிம் கிடையாது என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

மாணவராக இருந்தால் பல்கலைக்கழகத்தின் எடுரோம் வைஃபை கணக்கை முதல் வாரமே வாங்கிக் கைபேசியில் பதிந்துவிடுங்கள். பிற ஊர்ப் பல்கலைக்கழகங்களிலும் அதே கணக்கு வேலை செய்யும். விடுதி வைஃபை கிடைத்த சந்தோஷத்தில் டோரன்ட் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். இங்கே அப்படிப் படம் இறக்கினால், காப்புரிமை மீறல் என்று வக்கீல் அலுவலகத்திலிருந்து பல நூறு யூரோ கேட்டுக் கடிதம் வரும். தமிழ்ப் படம்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்ற நினைப்பும் வேண்டாம்.

5. எந்தச் சிம் வாங்குவது?

டெலிகாம், வோடஃபோன், ஓ2 ஆகிய மூன்றும் பெரிய நெட்வொர்க்குகள். 1&1 நான்காவதாகச் சேர்ந்திருக்கிறது. இவற்றின் கடைகளுக்குள் போக வேண்டாம். இதே நெட்வொர்க்குகளை வாடகைக்கு எடுத்துக் குறைந்த விலையில் விற்கும் பெயர்கள் பல உண்டு, சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கும்:

ஆல்டி கடையில் விற்கும் ஆல்டி டாக் ஓ2 நெட்வொர்க். லிடில் கடையின் லிடில் கனெக்ட் வோடஃபோன் நெட்வொர்க். பென்னி கடையின் பென்னி மொபில், ரேவே கடையின் யா மொபில், தனியாக விற்கும் காங்ஸ்டார் ஆகியவை டெலிகாம் நெட்வொர்க்.

பெரிய நகரத்தில் இருந்தால் எதை எடுத்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. இல்மெனாவ், கிளவ்ஸ்தால் போன்ற சிறிய பல்கலைக்கழக ஊருக்குப் போகிறவர்கள் அங்கே ஏற்கெனவே இருக்கும் சீனியரிடம் "உன் அறைக்குள் எது பிடிக்கிறது?" என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். எந்த நிறுவனத்தின் கவரேஜ் வரைபடமும் உங்கள் விடுதிச் சுவரின் தடிமனைச் சொல்லாது.

விலை சுமாராக நான்கு வாரத்துக்கு 9 முதல் 15 யூரோ. ஜெர்மனிக்குள் பேசுவதும் எஸ்எம்எஸ்ஸும் அளவில்லாமல், தாராளமான டேட்டாவும் அதற்குள் வந்துவிடும். முதல் முறை மிகச் சிறிய பேக்கே எடுங்கள். வீட்டில் வைஃபை, பல்கலைக்கழகத்தில் வைஃபை என்று இருந்தால் அதுவே மிஞ்சும். டேட்டா தீர்ந்தாலும் கட்டணம் ஏறாது. வேகம் பெரும்பாலும் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். வாட்ஸ்அப்பில் எழுத்துச் செய்தி மட்டும் தட்டுத்தடுமாறிப் போகும்.

6. அடையாளச் சரிபார்ப்பு: எல்லோரும் தடுக்கி விழும் படி

2017 ஜூலை 1 முதல் ஜெர்மனியில் ப்ரீபெய்ட் சிம்முக்கும் அடையாளத்தைச் சரிபார்த்துத்தான் இணைப்புத் தர வேண்டும் என்பது சட்டம். கடையில் பணம் கொடுத்து வாங்கும் பாக்கெட் வெறும் பிளாஸ்டிக்தான். பதிவு முடிந்தால்தான் உயிர் வரும்.

தேவையானவை: பாஸ்போர்ட் அசல், விசா அல்லது குடியிருப்பு அட்டை, ஜெர்மன் முகவரி, மின்னஞ்சல், நல்ல வைஃபை. முகவரியைப் பதிவு செய்த சான்றை, அதாவது ஆன்மெல்டுங் தாளை, சில நிறுவனங்கள் மட்டும் கேட்கும். அந்தப் பதிவை வீடு புகுந்த இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டும் என்பதால் எப்படியும் கைக்கு வந்துவிடும்.

சரிபார்க்க இரண்டு வழி.

ஒன்று வீடியோ அழைப்பு. செயலியில் பெயர், முகவரி எல்லாம் நிரப்பியதும் ஒரு ஊழியரோடு இணைப்பார்கள். ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுக்கலாம். பாஸ்போர்ட்டைக் கேமரா முன் பிடிக்கச் சொல்வார்கள், பிறகு மெதுவாகச் சாய்க்கச் சொல்வார்கள். ஒளி பட்டுப் பாதுகாப்புப் படம் மின்னுவது அவர்களுக்குத் தெரிய வேண்டும். ஓரத்தை விரலால் மறைக்கச் சொல்வார்கள், முகத்துக்கு முன் கையை அசைக்கச் சொல்வார்கள், பாஸ்போர்ட் எண்ணை வாய்விட்டுப் படிக்கச் சொல்வார்கள். விடுதி அறையின் மங்கலான மஞ்சள் விளக்கில் இது நடக்காது. பகலில், ஜன்னல் பக்கம் முகம் காட்டி உட்காருங்கள். பாஸ்போர்ட் உறையைக் கழற்றுங்கள், கேமரா லென்ஸைத் துடையுங்கள். கடைசியில் ஒரு குறியீடு எஸ்எம்எஸ்ஸிலோ மின்னஞ்சலிலோ வரும். அந்த எஸ்எம்எஸ் வர உங்களிடம் அப்போது இருக்கும் ஒரே எண் ஊர் எண்தான். முதல் படியை விடாமல் செய்யுங்கள் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது வழி போஸ்ட்இடென்ட். நிறுவனம் மின்னஞ்சலில் தரும் தாளை அச்செடுத்து, பாஸ்போர்ட்டோடு தபால் நிலையத்துக்குப் போனால் அங்கிருப்பவர் பார்த்துப் பதிந்துவிடுவார். உங்களுக்குக் கட்டணம் இல்லை. இங்கே தபால் நிலையம் என்பது பல இடங்களில் பெட்டிக்கடையின் ஒரு மூலைதான். எல்லா மூலையிலும் இந்தச் சேவை இருக்காது, டாய்ச்சே போஸ்ட் தளத்தில் பார்த்துவிட்டுப் போங்கள். வீடியோவில் அழைப்பு துண்டித்துத் துண்டித்து, திரும்பத் திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்து எனக்கு வெறுத்தே போனது. தபால் நிலையத்தில் சில நிமிடத்தில் முடிந்தது. வீடியோ இரண்டு தடவை தோற்றால் மூன்றாவது தடவை முயலாமல் தபால் நிலையத்துக்கு நடையைக் கட்டுங்கள். இணைப்பு வர ஓரிரு நாள் ஆகலாம், அவ்வளவுதான்.

இப்போது நம்மவர்களுக்கே உரிய சிக்கல்: பெயர். இன்ஷியலோடு வாழ்கிறவர்களின் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அங்கே இருக்கும். ஜெர்மன் படிவம் முன்பெயர், குடும்பப்பெயர் இரண்டையும் கேட்கும், காலியாக விட அனுமதிக்காது. என்ன செய்வது? ஜெர்மன் விசா ஸ்டிக்கரில் எது எந்த இடத்தில் அச்சாகியிருக்கிறதோ, அதையே எல்லா இடத்திலும் எழுதுங்கள். சிம், வங்கி, முகவரிப் பதிவு, பல்கலைக்கழகம் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். சிம்மில் ஒரு வரிசை, வங்கியில் இன்னொரு வரிசை என்று வைத்தால் பின்னால் ஒவ்வொன்றுக்கும் விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே பெயர்தான் இருக்கிறது, படிவம் ஏற்கவில்லை என்றால் போஸ்ட்இடென்ட் வழியே போங்கள். எதிரே மனிதர் இருந்தால் விளக்கலாம்.

இன்னொன்று: சிம்மையோ இ-சிம் விவரத்தையோ தபாலில் அனுப்பும் நிறுவனங்கள் உண்டு. ஜெர்மனியில் தபால்காரர் வீட்டு எண்ணோடு தபால் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரையும் பார்ப்பார். பெட்டியில் உங்கள் பெயர் இல்லாவிட்டால் கடிதம் திரும்பிப் போய்விடும். அறைச் சாவி வாங்கிய அன்றே ஒரு துண்டுத் தாளில் பெயரை எழுதிப் பெட்டியில் ஒட்டிவிடுங்கள். விடுதி அலுவலகம் அச்சிட்ட பட்டை தரும்வரை காத்திருக்க வேண்டாம். நண்பர் வீட்டில் தங்கினால் முகவரியில் அவர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.

7. பணம் கட்டுவது, 28 நாள் கணக்கு

ஜெர்மன் வங்கிக் கணக்கு திறக்கும்வரை சூப்பர் மார்க்கெட் கல்லாவில் ரீசார்ஜ் சீட்டு வாங்குங்கள். ரொக்கம் கொடுத்தால் எண் அச்சிட்ட ரசீது வரும், அதைச் செயலியில் தட்டினால் பணம் ஏறிவிடும். கணக்கு திறந்த பிறகு தானாகக் கழியும்படி வைத்துக்கொள்ளலாம்.

பேக் பெரும்பாலும் நான்கு வாரத்துக்குத்தான், மாதத்துக்கு அல்ல. ஆக வருடத்துக்கு 12 அல்ல, 13 தடவை கட்ட வேண்டும். மாதக் கட்டணத் திட்டத்தோடு ஒப்பிடும்போது இதை மறக்காதீர்கள்: நான்கு வாரத்துக்கு 9 யூரோ என்றால் வருடத்துக்கு 117 யூரோ. புதுப்பிக்கும் நாளில் கணக்கில் போதிய பணம் இல்லாவிட்டால் பேக் நின்றுவிடும். அதன்பின் டேட்டாவுக்கும் பேச்சுக்கும் தனித்தனி விலை பிடிப்பார்கள், மிச்சமிருக்கும் சில யூரோ கண் மூடித் திறப்பதற்குள் காலியாகிவிடும். எப்போதும் ஒரு பேக் அளவுக்குப் பணம் கூடுதலாக வைத்திருங்கள்.

வந்தவுடன் செய்ய வேண்டிய இன்னொரு வேலை, மூன்றாம் நபர் சேவைகளைத் தடை செய்யச் சொல்வது. இணையத்தில் ஏதோ விளம்பரத்தைத் தொட்டதும் உங்கள் கணக்கிலிருந்து சந்தா பிடிக்கும் சங்கதி இங்கேயும் உண்டு. தடை இலவசம். செயலியிலோ வாடிக்கையாளர் சேவையிலோ கேட்டால் போட்டுவிடுவார்கள். 0900, 0137 என்று தொடங்கும் எண்களுக்கு அழைக்காதீர்கள், கட்டணம் அதிகம்.

8. ஒப்பந்தம் போடலாமா?

போடலாம், ஆனால் இப்போது வேண்டாம். புதிதாக வந்தவருக்கு இங்கே கடன் வரலாறு இருக்காது. ஷூஃபா என்ற கடன் மதிப்பீட்டைப் பார்த்துவிட்டு நிறுவனம் மறுக்கவும் கூடும். கிடைத்தாலும் முதல் சில மாதம் 10 யூரோ, பிறகு 30 யூரோ என்று போகும் திட்டங்கள்தான் கடை வாசலில் பெரிதாகத் தொங்கும். மாதம் 30 யூரோ என்றால் 24 மாதத்துக்கு 720 யூரோ. கூடவே "இலவசமாக" வரும் கைபேசியின் விலையும் அதற்குள்தான் இருக்கிறது.

2021 டிசம்பர் 1 முதல் இருக்கும் சட்டம் உங்களுக்குச் சாதகமானது. தெரிந்துகொள்ளுங்கள்: முதல் ஒப்பந்தக் காலம் 24 மாதத்துக்கு மேல் போகக் கூடாது. 12 மாத வாய்ப்பையும் நிறுவனம் தர வேண்டும். முதல் காலம் முடிந்த பிறகு ஒரு மாத முன்னறிவிப்பில் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். கையெழுத்துக்கு முன் விலையும் காலமும் அடங்கிய சுருக்கத்தை அவர்கள் எழுத்தில் தர வேண்டும். அதைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து, மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் படியுங்கள். "இன்று மட்டும்தான் இந்த விலை" என்று சொல்லி நிறுத்தி வைத்தால் அதுவே வெளியே வருவதற்கு நல்ல காரணம்.

முக்கியமான பொறி இது. இணையத்திலோ தொலைபேசியிலோ வீட்டு வாசலிலோ போட்ட ஒப்பந்தத்தை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் திரும்பப் பெறலாம். கடைக்குள் போய்க் கையெழுத்துப் போட்டதற்கு அந்த உரிமை சட்டப்படி கிடையாது. நம் ஆட்களுக்கோ நேரில் பேசி வாங்கினால்தான் பாதுகாப்பு என்று தோன்றும். இங்கே நிலைமை நேர் எதிர்.

"படிப்பு முடிந்து ஊருக்குப் போகிறேன் என்று சொன்னால் விட்டுவிடுவார்கள்" என்றும் நம்பாதீர்கள். மொபைல் ஒப்பந்தத்தில் அது நிறுவனத்தின் பெருந்தன்மையைப் பொறுத்தது.

ப்ரீபெய்ட் பிடிக்காதவர்களுக்கு நடுவழி ஒன்று உண்டு: மாதா மாதம் விலகக்கூடிய திட்டங்கள். டெலிகாம் நெட்வொர்க்கில் ஃப்ராங்க் என்ற செயலி வழித் திட்டம் மாதம் 10 யூரோ. ஓ2 பக்கம் விலை இன்னும் குறைவான பெயர்கள் பல இருக்கின்றன. ஜெர்மன் வங்கிக் கணக்கு வந்தபின் இவற்றுக்கு மாறலாம். எண்ணை அப்படியே கொண்டுபோகக் கட்டணம் இல்லை. பெயரும் பிறந்த தேதியும் பழைய நிறுவனத்தில் இருப்பதுபோலவே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நிராகரிப்பார்கள்.

9. ஊருக்குப் பேசுவது

வாட்ஸ்அப் இருக்கும்போது இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஊர் எண்ணிலேயே வாட்ஸ்அப்பை வைத்துக்கொள்ளுங்கள், உறவுக்காரர்கள் எல்லோருக்கும் புது எண் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஸ்மார்ட்ஃபோன் இல்லாத தாத்தா பாட்டிக்குப் பேச வேண்டும் என்றால் லெபாரா, லைகா போன்றவற்றில் இந்திய நிமிடங்கள் சேர்ந்த பேக் உண்டு. தேவைப்படும் மாதம் மட்டும் போடுங்கள். சாதாரண பேக்கில் "அளவில்லாமல் பேசலாம்" என்று எழுதியிருப்பது ஜெர்மன் எண்களுக்குத்தான். அதை நம்பி +91 அழைத்தால் தனிக் கட்டணம் ஓடும்.

இந்திய வங்கிகளின் 1800 எண்கள் வெளிநாட்டிலிருந்து பொதுவாகக் கிடைக்காது. அட்டை தொலைந்த இரவில் இதைக் கண்டுபிடிப்பது நல்லதல்ல. வெளிநாட்டிலிருந்து அழைப்பதற்கென்று ஒவ்வொரு வங்கியும் வைத்திருக்கும் சாதாரண எண்ணை முன்பே சேமித்து வையுங்கள்.

அவசர உதவி எண் 112. ஜெர்மனியில் சிம் இல்லாத கைபேசியிலிருந்து 112 போகாது.

10. எல்லை தாண்டும்போது

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் நார்வே, ஐஸ்லாந்து, லிச்டென்ஸ்டைனிலும் உங்கள் ஜெர்மன் பேக் கூடுதல் கட்டணமின்றி வேலை செய்யும். 2017இல் வந்த விதி 2032 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் போவதற்குத் தனிச் சிம் வேண்டாம்.

சுவிட்சர்லாந்து இதில் சேராது, பிரிட்டனும் சேராது. சில நிறுவனங்கள் தாமாகச் சேர்த்துத் தருகின்றன, உங்கள் பேக்கில் இருக்கிறதா என்று பாருங்கள். ஊர் சுற்றப் போகாவிட்டாலும் சிக்கல் வரலாம். கான்ஸ்டன்ஸ், லோராக் போன்ற எல்லை ஊர்களில் வீட்டு ஜன்னலோரம் நின்றாலே கைபேசி சுவிஸ் நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும். அந்த ஊர்களில் இருக்கும்போது ஜெர்மன் நெட்வொர்க்கைக் கைமுறையாகத் தேர்ந்தெடுங்கள். டேட்டா ரோமிங் கட்டணம் 59.50 யூரோவைத் தொட்டால் தானாக நிறுத்தும் பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் அதுவே ஆறு பேக்கின் விலை. கப்பலிலும் விமானத்திலும் இருக்கும் செயற்கைக்கோள் நெட்வொர்க் இந்த விதிகளுக்குள் வராது, ஏறியதும் ஃப்ளைட் மோடு போட்டுவிடுங்கள்.

11. நாடு திரும்பும்போது

ஒப்பந்தம் இருந்தால் முன்னறிவிப்புக் காலத்தைக் கணக்கிட்டு விலகல் கடிதம் கொடுங்கள். 2022 ஜூலை முதல், இணையத்தில் ஒப்பந்தம் விற்கும் நிறுவனங்கள் தளத்திலேயே விலகல் பொத்தான் வைத்திருக்க வேண்டும். "இங்கே ஒப்பந்தங்களை ரத்து செய்க" என்ற பொருளில் ஜெர்மனில் எழுதியிருக்கும், பக்கத்தின் அடியில் பாருங்கள். அழுத்தியதும் வரும் உறுதிப்படுத்தும் மின்னஞ்சலைச் சேமித்து வையுங்கள்.

ப்ரீபெய்ட் என்றால் அவசரப்பட்டு மூடாதீர்கள். வீட்டு முன்பணம், வரியில் திரும்பி வரும் பணம், ஜெர்மன் வங்கியின் உறுதிப்படுத்தல் எல்லாம் அந்த எண்ணையே தேடும். பேக்கை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் பணத்தோடு சிம்மை வைத்திருந்தால் சில மாதம் தாங்கும். எத்தனை மாதம் என்பது உங்கள் நிறுவனத்தின் நிபந்தனையில் இருக்கும். எல்லாப் பணமும் வந்து சேர்ந்தபின் மூடுங்கள். மூடும்போது மீதி இருக்கும் ப்ரீபெய்ட் தொகையைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தளத்தில் படிவம் இருக்கும், ஐபேன் எனும் வங்கிக் கணக்கு எண்ணைக் கேட்பார்கள். ஆகவே முதலில் சிம், அதன் பணம் வந்தபிறகு வங்கிக் கணக்கு, இந்த வரிசையில் மூடுங்கள்.